பொன்னுரங்கம் எடுத்த சிப்பாய்

திருச்செங்கோட்டில் சாந்தாமணி சதுரங்கம் ஆடும்போது அவள் கொடுக்கும் சிப்பாயை எதிராளி எடுத்துவிட்டால் பலகையிலிருந்து வடநாட்டுக் காற்று அடிக்கும் என்பது, மலைமேல் கோயில் இருக்கிறது என்பதைப் போல எங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். வெளியூர்க்காரர்கள்தான் அதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாயில் மண் விழுந்ததும் உண்டு, ஏனென்றால் அந்தக் காற்று சில நாள் ஜோத்பூர்ப் பக்கத்து மணலையும் சேர்த்துக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளையின் சட்டை கொடியில் காய்வது வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான். பொங்கல் கழிந்த கையோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, முகப்பில் சூடம் கொளுத்திய கரி அப்படியே இருக்க, ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே கிளம்பிப் போகும். போய், தண்ணீர் இல்லாத சீமையெல்லாம் தேடித் தேடித் துளைபோட்டு, யார் யாருடைய காட்டுக்கோ தண்ணீர் காட்டிவிட்டு, மழை பிடித்த பிறகுதான் திரும்பும். நான் சொல்வது செல்போன் இல்லாத காலம். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தபாலாபீஸ் வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் லைன் கிடைக்கும், கிடைத்தாலும் அந்தப் பக்கம் யாராவது இந்திக்காரர் எடுத்து ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏங்குவதற்கு நன்றாகப் பழகியிருந்தார்கள். ஏங்கிக்கொண்டே மாட்டுக்குத் தவிடு கரைத்தார்கள், ஏங்கிக்கொண்டே நாத்தனாரோடு சண்டை போட்டார்கள், ஏங்கிக்கொண்டே மலைக்கோயில் படி ஏறி இறங்கினார்கள். ஏக்கம் அவர்களுக்கு ஒரு வேலைக்கும் குறுக்கே வந்து நான் பார்த்ததில்லை.

அர்த்தநாரியின் ரிக் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் சதுரங்கக் கழகம் இருந்தது. கீழே கிரீஸ் வாசனை, மேலே பெஞ்சும் பலகையும். கடைக்காரர், கழகச் செயலாளர், போட்டிக்கு நடுவர், பெஞ்சு துடைக்கிறவர் எல்லாம் அர்த்தநாரி ஒருவரே. ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி நடக்கும். ஆட்டம் நடக்கையில் ஒருவரும் பேசக்கூடாது என்பதில் அவர் அத்தனை கறார், ஒருமுறை தும்மியதற்காக என்னை மாடிப்படியில் போய் நிற்கச் சொன்னார். நானும் அந்தக் கழகத்தில் உறுப்பினன்தான், என் ஆட்டத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சாந்தாமணியின் கணவன் குழந்தைவேலு ரிக்கில் துளைபோடுகிற டிரில்லர். மழைக்காலத்தில் ஊரில் இருக்கும்போதெல்லாம் மனைவியையும் அழைத்துக்கொண்டு மாடிக்கு வருவான், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள், யார் தோற்றாலும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போவார்கள். அவன் வெள்ளைக் காய் எடுத்தால் ஆடுவது ஒரே ஆட்டம்தான்: கிங்ஸ் கேம்பிட். முதலில் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவான். எதிராளியும் அப்படியே தள்ளியதும், அடுத்தபடியாக அதற்கு வலப்பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி எதிராளியின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைப்பான். எடுத்துக்கொள் என்று அர்த்தம். எடுத்தால் ஒரு சிப்பாய் நஷ்டம், ராஜாவின் பக்கச் சுவரும் திறந்து கிடக்கும். ஆனால் அந்தத் திறந்த வரிசை வழியாகவே யானையும் குதிரையும் பாய்ந்து போய் எதிராளியைச் சட்டினி ஆக்கிவிடலாம். நிதானமாக ஆடுகிறவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். குழந்தைவேலு அப்படித்தான் இருந்தான், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பாய்கிற ஆள்.

ஒரு வருஷம் ரிக் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. ஜோத்பூரைத் தாண்டிப் பார்மர் பக்கம் ஏதோ ஊரில் வேலை முடிந்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவன் போனவன்தானாம். சண்டையில்லை, காய்ச்சலில்லை, விபத்துமில்லை. கூட இருந்தவர்கள் அவனுடைய தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி தனியாக மாடியேறி வந்தாள்; போட்டியில் அவர் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அர்த்தநாரி அடிக்காமல் கீழே எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வெள்ளைக் காய் வரும் சுற்றிலெல்லாம் அவள் அந்தச் சிப்பாயைக் கொடுத்தாள். அவனளவுக்கு ஆடினாள் என்று சொல்லமாட்டேன். அவனைவிட நன்றாக ஆடினாள்.

காற்று முதலில் அடித்தது சேலத்திலிருந்து வந்த ஒரு பாங்க் குமாஸ்தாவோடு அவள் ஆடியபோது. அந்த மனுஷர் சிப்பாயைக் கண்டதும் கண் விரிந்து லபக்கென்று எடுத்தார். எடுத்ததும், சிப்பாய் முதலில் நின்றிருந்த கட்டத்திலிருந்து சூடாக ஒரு காற்று கிளம்பி அவருடைய தலைமுடியைக் கலைத்தது. ஜன்னலைச் சாத்தினோம், நிற்கவில்லை. மின்விசிறியை அணைத்தோம், நிற்கவில்லை. மணல் வந்து டீயில் விழுந்தது. பிறகு காற்றோடு குரல்கள் வர ஆரம்பித்தன, எங்கோ கம்ப்ரசர் ஓடுகிற சத்தம், எருமை கத்துகிற சத்தம், அதற்கெல்லாம் மேலே டீசலில் தண்ணி கலந்து கொடுத்துவிட்டான் என்று யாரையோ ஒருவன் திட்டுகிற சத்தம். அப்போது டீத் தட்டோடு படியேறி வந்த பக்கத்து டீக்கடைப் பாவாயி, தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, எங்க வூட்டுக்காரரு, என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டம் முடிகிற வரைக்கும் காற்று வந்தது. குமாஸ்தா தோற்று, கைகொடுத்து, எழுந்ததும் நின்றுபோயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. ரிக் வீட்டுப் பெண்கள் காலையிலேயே பாயோடு வந்துவிட்டார்கள். அந்தக் காற்றில் ஈரமே கிடையாது என்று தெரிந்ததும் மிளகாயும் வடகமும் கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்தில் பரப்பினார்கள், அர்த்தநாரி இது சதுரங்கக் கழகமா சந்தைப்பேட்டையா என்று கேட்டுவிட்டு, தன் வீட்டு அப்பளத்தையும் ஓரமாக வைத்தார். சத்தம் போடக்கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை. அதனால் புருஷன் குரலைக் கேட்டவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், மாமியார்களும் அப்படியே அழுதார்கள், சிரிப்பு வந்தவர்கள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் கணவனைக் குறட்டையிலேயே கண்டுபிடித்தாள். ஒருத்தி தன் கணவன் இன்னொருத்தியோடு குழைந்து பேசுவதைக் கேட்டுவிட்டு, மிளகாயை வாரி முறத்தில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள். மழைக்காலத்தில் ஊர் திரும்பிய அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்பது தனிக் கதை. வேலாயி, அப்பன் இன்னும் பார்த்திராத கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்தக் கட்டத்துக்கு நேரே பிடித்து, தொடையில் கிள்ளி அழவிட்டாள். குழந்தை வீறிட்டது. அந்தப் பக்கம் அவன் குழம்பில் உப்புப் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேலாயி அதற்கும் அழுதாள்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அவர்கள் பேசுவது இங்கே கேட்கிறதே தவிர இங்கே பேசுவது அங்கே போகவில்லை.

எங்கள் ஊர் முதலாளிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கே துளை தெரிந்தாலும் அது மூடிவிடாமல் உள்ளே குழாய் இறக்கிவிட வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். நான்கு ரிக் வைத்திருந்த செல்லப்பக் கவுண்டர், ஆட்டம் முடிந்ததும் காற்று நின்றுவிடுகிறது என்று பெண்கள் குறைப்பட்டதைக் கேட்டு, கேசிங் பைப் இறக்காத போர் மூடாமல் என்ன செய்யும் என்று சொல்லி, பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் அறுத்துக்கொண்டு நேரே மாடிக்கு வந்தார். நடு ஆட்டத்தில் அதைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் குத்துக்கல்லாக நிறுத்தினார். குழாய் சரிந்து ராணியைத் தள்ளி, ராணி குதிரையைத் தள்ளி, குதிரை தரையில் விழுந்து பெஞ்சுக்கடியில் உருண்டது. அர்த்தநாரி விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார், அதில் குழாயைப் பற்றி ஒன்றும் இல்லை. இருந்தாலும், கலைத்தவர் அவள் பக்கத்து ஆள் என்று சொல்லி, ஆட்டத்தைச் சாந்தாமணி தோற்றதாகத் தீர்ப்புச் சொன்னார். கவுண்டர் குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு பாவாயி ஒரு வேலை செய்தாள். ஈரோட்டிலிருந்து ஆட வந்தவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாட்டுக்கோழி அடித்துப் போட்டு, அந்தம்மா சிப்பாயைக் கொடுத்தால் மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவரும் நன்றி மறக்காமல் எடுத்தார். ஒரு இலை அசையவில்லை. கேம்பிட் வெறும் கேம்பிட்டாகவே இருந்தது. அவருக்கு வேண்டியது கோழிதான், சிப்பாயில்லை என்பதுதான் காரணம் என்று நாங்கள் மெதுவாகக் கண்டுகொண்டோம். நிஜமாகவே ஆசைப்பட்டு, எனக்கு வேண்டும் என்று எடுத்தால்தான் வரிசை திறந்தது. பிரியத்துக்காக எடுத்தாலும், விளையாட்டுக்காக எடுத்தாலும், பயந்து எடுத்தாலும் திறக்கவில்லை.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது சாந்தாமணி தன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லார் புருஷனும் பேசினார்கள், அவள் புருஷன் பேசவில்லை. வரிசை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊருக்குத் திறந்தது, ஒருநாள் மணல், ஒருநாள் கடுகெண்ணெய் வாசனை, ஒருநாள் நிலக்கரிப் புகை. ஆட்டம் முடிந்தால் வரிசை மூடிவிடும் என்பதால், நாலே நகர்த்தலில் ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தைக்கூட அவள் ஜெயிக்கமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு முகம் வைத்த ஆட்டக் கடிகாரத்தில் தன் பங்கு நேரம் தீர்ந்து, முள்ளில் தொங்கும் சின்னக் கொடி விழுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். கொடி விழுந்தால் தோல்விதானே. அப்படித் தோற்றுத் தோற்றே அவள் எங்கள் கழகப் பட்டியலில் கடைசியில், எனக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். மற்ற பெண்கள் தங்கள் ஆள் குரலைக் கேட்டுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது, அவள் சிப்பாய்களைப் பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருப்பாள்.

வருஷம் ஏழு தாண்டியது. கொழுந்தனார் பழனிச்சாமி நல்ல மனுஷர்தான், ஆனால் ஊர் வாயை எத்தனை நாள் அடைப்பது என்று அவருக்கும் இருந்தது. ஏழு வருஷம் சேதி இல்லாத ஆளைப் போனவனாகத்தான் எண்ணவேண்டும், காரியத்தைச் செய்துவிட்டால் அண்ணனுக்கும் நல்லது, அண்ணிக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நாலு பேரை வைத்துப் பேசினார். தாலியைக் கழற்றவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் பேசினார். சாந்தாமணி எல்லாவற்றையும் கேட்டாள். சித்திரையில் மாவட்டப் போட்டி எங்கள் மாடியில் நடக்க இருந்தது. அதில் அவர் குரல் கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் வருகிற அமாவாசைக்கு நீங்கள் சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்றாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆனால் அதற்குள் விஷயம் நாலு ஜில்லாவுக்கும் பரவிவிட்டது. ஆட வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிப்பாயை எடுத்தால் முகத்தில் மணல் அடிக்கும், யார் யார் வீட்டுப் பெண்களோ முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவார்கள், ஆட்டத்தில் புத்தி நிற்காது. வந்தவர்கள் அவள் சிப்பாயைப் பார்த்தார்கள், கன்னத்தைச் சொறிந்தார்கள், தொடாமல் வேறு காயை நகர்த்தினார்கள். முதல் நாள் அப்படிப் போனது, இரண்டாம் நாளும் அப்படியே போனது. சாந்தாமணி கொடுத்த சிப்பாய் கொடுத்த இடத்திலேயே, கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத விருந்தாளியாக நின்றது. கடைசிச் சுற்றுக்கு ஆடுவோர் பெயரை அர்த்தநாரி படித்தார். சாந்தாமணி வெள்ளை. பொன்னுரங்கம் கறுப்பு. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாயி பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஏனென்றால் பொன்னுரங்கம் யார் கொடுத்தும் எதையும் எடுக்காதவர். பன்னிரண்டு தறி வைத்திருந்த முதலியார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வீட்டில் சாப்பிடச் சொன்னாலும் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். பலகையிலும் அதே குணம்தான், எதிராளி எதைக் கொடுத்தாலும் பார்க்காத மாதிரி தன் காய்களை வரிசையாகக் கட்டிக்கொண்டு போவார். சாந்தாமணியோடு எத்தனையோ வருஷமாக எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறார், ஒருமுறைகூட அவள் கொடுத்த சிப்பாயைத் தொட்டதில்லை. ஆனால் அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வரமாட்டார். ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும் தெரிந்திருக்கும். அவரே சொல்லாததை நாங்கள் யார் சொல்ல.

அன்றைக்கு அவர் நிலைமை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். எடுக்காமல் விட்டால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், வழக்கம்போல் சும்மா இருந்தால் போதும். அமாவாசை வரும், காரியம் முடியும், குழந்தைவேலு போனவன் ஆவான், அவள் தனி ஆளாவாள். அதன்பிறகு கேட்கிற விதத்தில் கேட்க அவருக்கும் வாய் வரலாம். பழனிச்சாமி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதியச் சாப்பாடு முடிந்து, கீழே கடையின் கதவு பாதி இறக்கியிருந்தது.

சாந்தாமணி ராஜாவின் சிப்பாயைத் தள்ளினாள். அவரும் தள்ளினார். அவள் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி அவர் முன்னால் வைத்துவிட்டு, கடிகாரத்தை அமுக்கி, தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் எடுத்துக்கொள் என்று கெஞ்சியதில்லை, அன்றும் கெஞ்சவில்லை.

பொன்னுரங்கம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை மேலே வந்தது, நின்றது. பிறகு, பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் இலையில் கைவைப்பது போல, மெதுவாக அந்தச் சிப்பாயை எடுத்தார். எடுத்த இடத்தில் தன் சிப்பாயை வைத்தார். எடுத்த வெள்ளைச் சிப்பாயை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

காற்று அடித்தது. அதுவரைக்கும் அப்படி அடித்ததில்லை. நாள்காட்டி ஆணியோடு பிய்த்துக்கொண்டு போயிற்று, மிளகாயெல்லாம் மாடி முழுக்கப் பறந்தது. அந்த மனுஷருக்கு அந்தச் சிப்பாய் அத்தனை வருஷமாக எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

சாந்தாமணி குதிரையை வெளியே எடுத்து வைத்துக் கடிகாரத்தை அமுக்கினாள். இனி ஓடுவது பொன்னுரங்கத்தின் நேரம். காற்று கொஞ்சம் தணிந்ததும் சத்தங்கள் வந்தன, சைக்கிள் மணி, தூரத்தில் ஆடுகள், அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம். பிறகு கட்டையில் கட்டை வைக்கிற டக்கென்ற சத்தம். இன்னொரு டக். எங்களுக்கெல்லாம் தெரிந்த சத்தம்தான் அது. அங்கேயும் யாரோ சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தியில் ஒரு கிழவர் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார், தமிழ் கலந்த இந்தியில் ஒரு குரல் பதில் சொன்னது. சாந்தாமணியின் கை தானாகப் போய்ப் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

அங்கேயும் அவன் அதே சிப்பாயைத்தான் கொடுத்திருக்க வேண்டும், அங்கேயும் ஒருவர் அதை ஆசையாக எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே பேசுவது அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

"ஏனுங்க," என்றாள் சாந்தாமணி, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி.

அந்தப் பக்கம் காய் வைக்கிற சத்தம் நின்றது.

"ஆரு?" என்றது குரல். பிறகு, "சாந்தாவா?"

ஆட்டத்தின் நடுவே பேசினால் ஆட்டம் போயிற்று என்பது விதி. நாங்கள் அர்த்தநாரியைப் பார்த்தோம். அவர் திரும்பி, சுவரில் நாள்காட்டி இருந்த இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன்னுரங்கத்தின் கடிகாரம் ஓடியது. அவர் ஒரு காயை நகர்த்தினால் அடுத்தது அவள் முறை, அவள் நேரம் ஓட ஆரம்பிக்கும், அவள் பேச்சை விட்டு ஆட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் நகர்த்தவில்லை. கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டார். தன் அரை மணி நேரத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் இன்னொருவனோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நல்லா இருக்கறீங்களா என்று அவள் கேட்டாள். இருக்கறேன் என்றான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றாள். இல்லை என்றான். தகரப்பெட்டி பத்திரமாக இருக்கிறது என்றாள். அங்கே கொதித்தது கொதித்துக்கொண்டிருந்தது, இங்கே மாடியில் அத்தனை பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள், கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்றது. ஏழு வருஷமாகத் தறிக்குழியில் தறி அடிப்பது போல் அவள் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்த கேள்வி அந்த நேரத்தில்தான் வெளியே வந்தது.

"நீங்க வருவீங்களா, வரமாட்டீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க."

பொன்னுரங்கத்தின் கடிகாரத்தில் பெரிய முள் கால்வட்டம் நகர்ந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"முதல்ல ஒரு நாள் இருந்துட்டுப் போலாமுன்னுதான் இருந்தேன் சாந்தா," என்றான் குழந்தைவேலு. "அப்புறம் திரும்பி வர மூஞ்சி இல்லாம இருந்தேன். இப்ப அதெல்லாம் இல்ல. இங்கயே இருந்துக்கலாமுன்னு ஆயிப்போச்சு. நான் வரல. நீ பாத்துட்டு இருக்காத."

பாவாயி அழுதாள். வேலாயி அழுதாள். எனக்கு அவனைக் கழுத்தைப் பிடித்து அந்தக் கட்டத்தின் வழியே இங்கே இழுத்துப் போடவேண்டும் போலிருந்தது. செல்லப்பக் கவுண்டர்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாந்தாமணி அழவில்லை. கையில் ஒப்படைத்ததைச் சரிபார்த்து வாங்கிக்கொள்கிறவள் மாதிரி அந்த வார்த்தைகளை முழுசாகக் கேட்டாள். அவளுக்கு வலித்தது, அது முகத்தில் தெரிந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பு தெரிந்தது.

"சரிங்க," என்றாள்.

அந்தப் பக்கம் கிழவர் அவசரப்படுத்தினார். கொஞ்சம் பொறுத்து டக்கென்று ஒரு காய் வைக்கிற சத்தம் கேட்டது. குழந்தைவேலு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான்.

அவள் சுவரோரம் நின்ற கொழுந்தனாரைப் பார்த்து, அவர் இருக்கறாருங்க, காரியம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றாள். கழுத்தில் கிடந்த தாலிக் கொடியைத் தானே தலைவழியாகக் கழற்றி, மடித்து, பழனிச்சாமியின் கையில் கொடுத்தாள். யாரும் அவளுக்குச் செய்யவில்லை, அவளே செய்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாவாயி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாந்தாமணி நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் அதே இடத்தில் அப்படியே இருந்தார், ஒரு கை மடியில், சிப்பாயை மூடிய கை நெஞ்சோடு. அவருடைய கடிகாரத்தில் கொடி தூக்கிக்கொண்டு விழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இந்த மனுஷர் நகர்த்தப் போவதில்லை, தோற்றுத்தான் எழுந்து போகப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை வருஷத்தில் ஆட்டத்தின் நடுவே அவள் எதிராளியின் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

"நகத்துங்க," என்றாள். "உங்க நேரம் போயிட்டிருக்குதுங்க."

பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அவசரமாக, எடுத்த இடத்தில் நின்ற தன் சிப்பாய்க்குக் காவலாகப் பக்கத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். எடுத்ததை விடுவதாக இல்லை. சாந்தாமணியின் வாயோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது, அவள் முழங்கையை மேசையில் ஊன்றி யோசிக்க ஆரம்பித்தாள். காற்று அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, எங்கிருந்தோ யார் யார் வீட்டு ஆண்களோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெண்கள் பாயை விட்டு எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்று, இப்போது இந்தம்மா என்ன ஆடும் என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.